மேடையில் கொடுத்த வீடு

நேற்று மாலைத் தேநீர் இடைவேளையில் உங்களுள் ஒருத்தி என்னை ஜன்னலோரம் மறித்தாள். ஃப்ரிபூர்க்கில் பாலர் வகுப்பு நடத்துகிறவள். வருகிற தை மாதம் தன்சானியாவுக்கு ஆசிரியையாகப் புறப்படுகிறாள்.

"அண்ணை, நீங்கள் பட்டிமன்றத்திலை கதைச்ச வீடியோ எல்லாம் பாத்தனான். ஆபிரிக்காவிலையும் அப்பிடித்தான் கதைச்சனீங்களோ?"

"ஓம். ஒருக்கா."

"ஒருக்காவோ? பிறகு?"

"பிறகு எனக்கு வீடு இல்லாமல் போச்சு."

அவள் சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருப்பாள். அதற்குள் அடுத்த பாடத்துக்கு அழைத்துவிட்டார்கள். சொன்னது பகிடியன்று, நிகழ்ச்சி. புறப்படுமுன் அதை அவளும் அவளோடு புறப்படுகிற நீங்கள் எல்லோரும் அறிந்துகொள்வது நல்லது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

பாசலில் நடக்கும் இந்த ஆயத்த வகுப்பில் எனக்கு இட்டிருக்கும் பெயர் 'ஓய்வுபெற்ற பணியாளர்'. முப்பத்திரண்டு வயதில் இப்பட்டத்தைச் சுமப்பது எளிதன்று. ஆயினும், மிஷன் பாடசாலையில் ஒப்பந்தக் காலத்தை நிறைவுசெய்து திரும்பியவர் அனைவரும் இங்கே ஓய்வுபெற்றவரே. ஆகவே, முதியவனுக்குரிய உரிமையை நானும் எடுத்துக்கொள்கிறேன். பாடத்திட்டம் எது, மலேரியாவுக்கு மருந்து எது, விசாவுக்கு எங்கே போவது என்பனவற்றை மற்றவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள். நான் சொல்லப்போவது, ஆலயம் நிறைந்த சனம் பார்த்திருக்க, ஒரு மூச்சு இழுத்து விடும் நேரத்துக்குள் முடிவெடுக்க நேர்ந்த கதை.

நான் பேச்சாளன். இதை அடக்கத்தோடு சொல்ல எனக்குத் தெரியாது; அடக்கம் எங்கள் பயிற்சியில் இருக்கவில்லை. இங்கே சுவிஸில், பாடன் நகரத்துச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் பட்டிமன்றத்தில், 'புலம்பெயர்ந்தோரை உயர்த்துவது மொழியா, தொழிலா' என்ற தலைப்பில், தொழில் அணியில் நின்று மொழியால் வென்றவன். என்னைப் பயிற்றியவர் பாசலில் ட்ராம் ஓட்டுபவர். வார இறுதிகளில் நடுவர். அவர் கற்றுத்தந்த முதல் விதி இது:

"கேள்வியைக் கேள், தம்பி. பதிலுக்கு இடம் விடாதை. சனம் வாய் திறக்க முந்தி அடுத்த கேள்வியைப் போடு. ட்ராமிலை நாங்கள் கதவைப் பூட்டுறமே, அந்த மாதிரி."

அந்த விதியை நான் ஐரோப்பாவின் பல மண்டபங்களில் பரீட்சித்தேன். ஒருமுறையும் தவறவில்லை.

மிஷன் ஆசிரியனாகத் தன்சானியாவுக்குப் போகிறேன் என்று அறிவித்தபோது, வைத்தியசாலைச் சமையலறையில் வேலை முடித்து வந்த அம்மா சப்பாத்தைக் கழற்றியபடியே சொன்னார்: "எங்கடை ஊருக்கு வெள்ளைக்காரர் வந்து படிப்பிச்சவை. இப்ப நீ வெள்ளைக்காரற்றை நாட்டிலையிருந்து கறுப்பின ஆக்களுக்குப் படிப்பிக்கப் போறாய். இதிலை நாங்கள் ஆர் எண்டு முதல் ஒரு முடிவுக்கு வா, மோனை."

அந்தக் கேள்விக்கு மறுமொழி பேருந்து நிலையத்தில் கிடைத்தது. மேட்டுநிலத்துச் சிற்றூர் ஒன்றில், சுவிஸிலிருந்து வரும் புதிய ஆசிரியரை வரவேற்கப் போதகரும் சபை மூப்பர்களும் பாடகர் குழுவும் காத்திருந்தார்கள். பேருந்திலிருந்து எனக்கு முன்னே, முதுகுப்பையோடு ஒரு வெள்ளை இளைஞன் இறங்கினான். மலையேற வந்தவன். பாட்டுத் தொடங்கியது, அவன் கையைக் குலுக்கினார்கள், அவனும் இது இந்நாட்டு வழக்கம் போலும் என்று மகிழ்ந்து நின்றான். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. இல்லை, ஒரு பெண்மணி பார்த்தார். அருகே வந்து, சீமெந்து மூட்டை இப்போது என்ன விலை என்று விசாரித்தார். அந்தப் பக்கத்து வன்பொருள் கடைகள் பலவற்றை இந்தியர் நடத்துகிறார்கள். என் முகத்துக்கு அவர் அறிந்திருந்த தொழில் அதுதான்.

தவறு விளங்கியதும், மூப்பர்களுள் மூத்தவர் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். அவர் பேசியது சுவாகிலி. அந்த ஊரார் பேசிய சுவாகிலி எப்படியோ எங்கள் வீட்டுத் தமிழாகவே என் நினைவில் தங்கிவிட்டது, அப்படியே தருகிறேன்.

"கனகாலமாய்ச் சுவிஸிலை இருந்து ஆக்கள் வருகினம். ஒருத்தரும் இவ்வளவு கறுத்து வரேல்லை. அங்கை வெயில் கூடிப்போச்சோ?"

முழுப் பேருந்து நிலையமும் சிரித்தது. நானும் சிரித்தேன். நண்பர்களே, அவர்கள் எதிர்பார்த்த ஆள் நீங்களாக இருக்கமாட்டீர்கள். அதை முதலில் கண்டு சிரிப்பவர் நீங்களாக இருங்கள். மற்றவர்களுக்குப் பெரிய சங்கடம் தீரும்.

எனக்குத் தந்த வீடு, முந்திய காலத்து சுவிஸ் குடும்பம் ஒன்றுக்காகக் கட்டியது. இரண்டு அறை, சீமெந்துத் தரை, முற்றத்தில் ஓர் எலுமிச்சை மரம். பாடனில் இரண்டு தம்பிமாருடன் ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் வளர்ந்த எனக்கு, கதவைச் சாத்தினால் உள்ளே நான் மட்டும் என்பது அதுவரை கிட்டாத செல்வம். மாலையில் பேச்சுப் பயிற்சியை அந்தச் சுவர்களுக்கு முன்னால் செய்வேன். அவை நல்ல சபையோர்.

பாடசாலையில் ஆங்கிலம் கற்பித்தேன். வாரத்தில் ஒருநாள் விவாத மன்றம் நடத்தினேன். பிள்ளைகளுக்கு இரண்டு பாடங்களைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒன்று: எதிரணி 'என்றால்' என்று சொன்ன உடனே காதைத் தீட்டுங்கள்; அந்த 'என்றால்' நிறைவேறிவிட்டதெனக் காட்டிவிட்டால், மீதி வாக்கியம் அவர்களை விட்டு விலகாது. இரண்டு: உதாரணத்தை அருகிலிருந்து எடுங்கள், தூரத்து உதாரணம் தூங்கவைக்கும்.

இரண்டையும் முழுமையாகப் பிடித்துக்கொண்டவள் நீமா. இறுதி வகுப்பு மாணவி. தகப்பன் இல்லை, ஒரு பகல் முழுவதும் நடந்து சேரவேண்டிய மலையடி ஊரில், சிறிய தந்தையின் வீட்டிலிருந்து வந்து பெண்கள் விடுதியில் தங்கிப் படித்தாள். ஊரார் முன்னிலையில் நடந்த விவாதத்தில், 'வீட்டு வேலையில் ஆண்களுக்கும் பங்கு உண்டு' என்ற அணிக்கு அவள்தான் தலைவி. எழுந்தாள். முன்வரிசையில் அமர்ந்திருந்த மூத்த மூப்பரை, என் நிறத்தை ஆராய்ந்த அதே பெரியவரை, பணிவோடு வணங்கினாள். பிறகு, அவர் வீட்டில் வளர்ந்த மகன்மார் மூவர் நிழலில் இருக்க, அவர் மனைவி ஊற்றிலிருந்து எத்தனை குடம் சுமந்து வருகிறார் என்பதை எடுத்துரைத்தாள். அடுத்த உதாரணம் பாடகர் குழுத் தலைவர் வீடு. அதற்கடுத்தது கடைக்காரர் வீடு. சபை வயிறு குலுங்கச் சிரித்தது. நீமாவின் அணி வென்றது. நான் அன்று நடந்து வீடு திரும்பவில்லை, மிதந்து திரும்பினேன்.

அந்த வெற்றியின் விலை மழைக்காலத்தில் தெரிந்தது. ஒரு புயற்காற்று பெண்கள் விடுதியின் கூரையைக் கழற்றி வாழைத் தோட்டத்தில் போட்டுவிட்டது. திருத்த மாதங்கள் ஆகும். அரசாங்கப் பரீட்சையோ வாசலில் நின்றது. தூரத்துப் பிள்ளைகளை ஊரவர் வீடுகளில் தங்கவைப்பது என்று போதகர் முடிவு செய்தார். வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வீடும் இரண்டு பேர், மூன்று பேர் என்று ஏற்றுக்கொண்டது. நீமாவின் பெயரைச் சொன்னால் மட்டும், அடுப்பு புகைகிறது, மருமகளுக்குப் பேறுகாலம், மாடு நோய் என்று பேச்சு வேறு திசைக்குப் போனது. அடுத்த உதாரணமாக மாற யாருக்குத்தான் ஆசை?

செய்தி கேட்டு, ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சிறிய தந்தை வந்துவிட்டார். நல்ல மனிதர், ஒளிக்கத் தெரியாதவர். "இடம் இல்லையெண்டால் கூட்டிக்கொண்டு போறன், வாத்தியார். வீட்டிலை சரியான வேலை கிடக்கு."

"பரீட்சைக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுவீங்களோ?"

அவர் தம் பாதங்களைப் பார்த்தார். "அவ்வளவு தூரம் ஆர் வாறது? சோளம் முறிக்கிற காலம்."

ஆகவே, ஆராதனை முடிவதற்குள் ஒரு வீடு கிடைக்கவேண்டும். கிடைக்காவிட்டால் நீமாவின் படிப்பு அன்று மதியத்தோடு முடிந்தது. போதகரிடம் அனுமதி பெற்று, அறிவித்தல் நேரத்தில் எழுந்தேன். என்னிடம் இருந்த ஒரே கருவியை எடுத்தேன்.

"இந்தப் பிள்ளை உங்கள் பிள்ளை இல்லையா?" என்று தொடங்கினேன்.

தமிழ் மண்டபத்தில் அடுத்த கேள்வி உடனே பாய்ந்திருக்கும். எனது சுவாகிலிக்கு அந்த வேகம் இல்லை. அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தே கிடந்தது.

"இல்லை," என்றது முன்வரிசை, அன்போடு. "அவள் மலையடி ஊர்ப் பிள்ளை."

"இத்தனை வீடுகள் உள்ள ஊரில், அவளுக்கு இடமில்லாத வீடு எது?"

கைகள் உயர்ந்தன. சுவிஸ் ஊர்ச்சபையில் வரி உயர்வுக்கு எதிராக எழும் கைகளைப்போல, நேராக, தயக்கமின்றி. ஓர் அம்மா எழுந்தே விளக்கினார்: "என்ரை வீட்டிலை மூண்டு பேர் இருக்கினம். நீர்தானே கொண்டுவந்து விட்டனீர்?"

மூத்த மூப்பர் கையை இறக்காமலே சொன்னார்: "எனக்கு இடம் கிடக்கு. ஆட்டுக்குட்டியளை வெளியிலை விட்டால் ஒரு அறை வரும். ஆனால் அவள் வந்தால், அடுத்த விவாதத்துக்கு நான்தான் தலைப்பு."

சிரிப்பு ஓய்ந்தபோது என் பேச்சில் ஒன்றும் மிஞ்சவில்லை. தோற்கிற பேச்சாளன் என்ன செய்வான்? உச்சத்துக்கு ஏறுவான். கையை நெஞ்சில் வைத்து, எங்கள் மேடையின் தலைசிறந்த வாக்கியத்தைச் சுவாகிலியில் சொன்னேன்: "உங்களில் எவருக்கும் மனமில்லை என்றால், நான் என் வீட்டையே தருவேன்."

உங்களுக்குத் தெரியும், தமிழ் மேடையில் நாம் எப்போதும் எதையாவது கொடுத்துக்கொண்டிருப்போம். மொழிக்கு உயிரைக் கொடுப்போம். நட்புக்குத் தலையைக் கொடுப்போம். கொடுத்த பிறகு வீட்டுக்குப் போய் இடியப்பமும் சொதியும் சாப்பிடுவோம். அவ்விடத்தில் கைதட்டல் விழவேண்டும். விழவில்லை. பெரியவர் கையை இறக்கினார்.

"எப்ப?" என்று கேட்டார்.

"என்ன?"

"எப்ப தாறீர்?"

"இல்லை... உங்களுக்கு மனமில்லை என்றால் என்றுதானே சொன்னேன்."

"அதைத்தானே இவ்வளவு நேரமும் கை தூக்கிக் காட்டினம்?"

பெண்கள் பக்கத்திலிருந்து நீமா எழுந்தாள். விவாதத்தில் ஒலிக்கும் குரல் அன்று இல்லை. பாவாடையின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தாள். "வாத்தியார், நீங்கள் 'எண்டால்' எண்டு சொன்னீங்கள். அது நடந்து முடிஞ்சுது. இனி மிச்சப் பாதி."

என் பாடத்தை இவ்வளவு துல்லியமாக எவரும் எனக்குத் திருப்பித் தந்ததில்லை.

போதகர் சாய்ந்து என் காதருகே மெல்லச் சொன்னார்: "பயப்படாதையும். 'அது அவையின்ரை ஊரிலை ஒரு பேச்சு வழக்கு' எண்டு நான் சொல்லிவிடுறன். சனம் விளங்கிக்கொள்ளும்."

உண்மை, விளங்கிக்கொண்டிருப்பார்கள். அதுதான் எனக்கு அச்சம் தந்தது. ஒருமுறை அப்படி விளங்கிக்கொண்டால், மறுநாள் வகுப்பில் நான் சொல்வதும் பேச்சு வழக்கு. வேதபாட நேரத்தில் நான் வாசிப்பதும் பேச்சு வழக்கு. 'உன்னால் முடியும்' என்று ஒரு பிள்ளையிடம் நான் சொல்வதும் பேச்சு வழக்கு. மிஷன் ஆசிரியனிடம் சொல்லைத் தவிர வேறு என்ன இருக்கிறது? மறுபுறம், அந்த வீடு. அந்த எலுமிச்சை மரம். சாத்தினால் சாத்தியபடி இருக்கும் அந்தக் கதவு. இரண்டையும் ஒரு மூச்சில் நிறுத்துப் பார்த்தேன். நீமா இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்றைக்கே," என்றேன்.

அப்போதும் ஒருவரும் கைதட்டவில்லை. பெண்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடித்து நான் வாசலுக்கு வருவதற்குள், என் மெத்தை ஒரு தலையிலும் புத்தகப் பெட்டி ஒரு தலையிலுமாக வீட்டைவிட்டுப் புறப்பட்டுவிட்டன. நீமாவுக்குத் துணையாக விடுதிப் பொறுப்பாளர் அம்மா தம் பாயோடு உள்ளே போனார். ஆகையால் குறைசொல்ல ஒருவருக்கும் வழியில்லை. சிறிய தந்தை சீமெந்துத் தரையைக் குதிகாலால் இருமுறை தட்டிப் பார்த்தார். கூரையை அண்ணாந்து பார்த்தார். தனியே ஊருக்குப் போனார்.

"இப்ப வாத்தியார் எங்கை படுக்கிறது?" என்று போதகர் சபையைக் கேட்டார்.

பெரியவர் பெருமூச்சு விட்டார். "என்னோடை வரட்டும். இவர் உதாரணம் சொல்லமாட்டார்."

இவ்வாறு, வேலிக்கு அப்பால் அடுத்த வளவில், பெரியவர் ஆட்டுக்குட்டிகளை வெளியேற்றிய அறையில் குடியேறினேன். ஆனால் தாங்கள் வெளியேறிவிட்டதை ஆட்டுக்குட்டிகள் ஏற்கவில்லை. விடியலில் ஒன்று என் மார்பில் ஏறி நின்று முகத்தைப் பார்க்கும். அந்த வாரம் ட்ராம் ஓட்டும் நடுவருக்குத் தொலைபேசியில் முறையிட்டேன்.

"அண்ணை, நான் கதவு பூட்ட முந்திச் சனம் ஏறிட்டுது."

மறுமுனையில் அவர் சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. "ஏறினால் கொண்டுபோய் விடு, தம்பி. நடு வழியிலை இறக்கிறேல்லை."

அந்த வீட்டில்தான் நான் ஆசிரியனானேன். அதுவரை பாடசாலைக்கு மட்டும் ஆசிரியன். காலையில் ஒருவரைக் கண்டால் அவர் உறக்கத்தையும் வீட்டாரையும் ஆட்டையும் மாட்டையும் விசாரித்த பின்பே விடயத்துக்கு வரலாம் என்பதை அங்கு கற்றேன். பெரியவரின் மனைவியோடு ஊற்றுக்குப் போய்க் குடம் தூக்கினேன். முதல் நாள் அவருடைய மகன்மார் மூவரும் அதைப் பார்க்கவென்றே வேலியில் ஏறி அமர்ந்தார்கள். சில நாட்களில் இளையவன் இறங்கினான். பின்பு மற்ற இருவரும். ஒரு மாலை பெரியவரே வெறுங்குடத்தோடு புறப்பட்டதைக் கண்டு நான் வாய் திறக்குமுன் சொன்னார்: "ஒண்டும் கதைக்கவேண்டாம். உம்மடை மாணவியிட்டைப் போய்ச் சொல்லும், அந்த உதாரணம் இனிச் செல்லாது எண்டு."

சொன்னேன். நீமா தன் கொப்பியில் ஒரு வரியை வெட்டினாள். "அப்ப பாடகர் குழுத் தலைவர் வீட்டை மட்டும் வைச்சுக்கொள்ளுறன்."

பரீட்சை நாள் வந்தது. மண்டப வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். இயல்பாகவே ஓர் ஊக்க உரையை ஆயத்தம் செய்திருந்தேன், தொண்டையைச் செருமினேன்.

"வாத்தியார்," என்றாள் நீமா, "இண்டைக்கு வேண்டாம். உள்ளை நிறைய எழுதக் கிடக்கு."

வாழ்வில் முதன்முறையாக ஓர் உரையை விழுங்கினேன். அது செரித்துவிட்டது என்பதை வியப்போடு பதிவு செய்கிறேன். நீமா சித்தியடைந்தாள், நகரத்து மேல்நிலைப் பாடசாலையில் இடமும் கிடைத்தது. விடுதிக்குப் புதுக் கூரை போட்டார்கள். நான் என் வீட்டுக்குத் திரும்பினேன். புத்தகங்களை அடுக்கினேன், எலுமிச்சை பறித்துத் தேநீரில் பிழிந்தேன், கதவைச் சாத்திவிட்டு அந்த அமைதியில் அமர்ந்தேன்.

புதிய ஆண்டு தொடங்கியதும் ஒரு காலை கதவு தட்டப்பட்டது. நீமாவின் சிறிய தந்தை. அருகில் அவருடைய சொந்த மகள், நீமாவின் பழைய சீருடையில், கைகள் சட்டைக்குள் மறைய நின்றாள். பின்னால், எலுமிச்சை மரத்தடியில், எனக்குத் தெரியாத இரண்டு தகப்பன்மாரும் அவர்களின் பெண்பிள்ளைகளும். அவரிடம் முறைப்படி உறக்கத்தை விசாரித்தேன், வீட்டாரை விசாரித்தேன், சோளத்தையும் மாட்டையும் விசாரித்தேன். பிறகு அவர் சொன்னார்:

"இவளை விடவேணும். இந்த வீட்டிலை."

"விடுதிக்குப் புதுக் கூரை போட்டாச்சே. நல்ல கூரை."

"பழையதும் நல்ல கூரை எண்டுதான் சொன்னவை. காத்து கொண்டுபோனதை நான் பாத்தனான். இந்தத் தரையை நான் தட்டிப் பாத்தனான். இஞ்சை இருந்து படிச்ச பிள்ளை பாஸ். கனக்கக் கதைக்கவேண்டாம், வாத்தியார். ஓமோ, இல்லையோ?"

ஒரு பகல் நடந்து வர மறுத்தவர் நடந்து வந்திருந்தார். வேலிக்கு அப்பால் பெரியவர் ஓர் ஆட்டுக்குட்டியை வெளியே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார், எங்களைப் பாராதவர் போல. இளைய சகோதர சகோதரிகளே, அவ்வேளை என்னிடம் மூன்று நல்ல வாதங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் எந்த நடுவரையும் வென்றிருக்கும்.

"ஓம்," என்றேன். உள்ளே போய் என் தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.